அரை நொடிக்குள் வராத கை

மச்சி,

லாஃப்டிலிருந்து நம் பெட்டியை இன்று காலை கீழே இறக்கினேன். சுற்றியிருந்த கோணியை அவிழ்த்ததும் தைல வாசனை வந்தது. வலது பக்கத்துப் பச்சைப் பட்டனில் மட்டும். உன் அம்மா ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து உன் கையில் தேய்த்த அதே தைலம். இடது பட்டனில் மூக்கை வைத்துப் பார்த்தேன், வெறும் பிளாஸ்டிக். எண்ணெய் பட்ட பிளாஸ்டிக்கில் வாசனை தங்கும் என்பது தெரிந்த விஷயம், இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏறி நின்ற ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியை இறக்கக் காரணம் ஓனரம்மா. நம் ரூமுக்குக் கீழ்வீட்டில் இருந்துகொண்டு, மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று நம் இருவரையும் மாறி மாறி ஏசிய அதே அம்மாள்தான். போன வாரம் அவருக்கு இடது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இன்று எனக்கு வார லீவு. படியிறங்கும்போது கூப்பிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை, யாரோ மடியில் வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி கிடந்தது. டிஸ்சார்ஜ் தாளை வலது கையால் நீட்டி, "இன்னாபா எழுதிகீது இதுல? எம்புள்ளயக் கேட்டா பேரலிசிஸ்னு சொல்லிட்டு செல்ல நோண்டிகினு கீறான்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். லெஃப்ட் ஹெமிபரேசிஸ் என்று இருந்தது. உன் தாளில் ரைட். மற்றபடி அதே வார்த்தை.

"அப்போ இந்தக் கை செத்துப்போச்சா?"

நீயும் இதைத்தான் கேட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும்.

நாம் ஒரே ரூமுக்கு வந்ததில் பெரிய கதை எதுவும் கிடையாது. நீ கோவில்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். நான் வாலாஜாபாத்துக்காரன்; வீடு பக்கத்திலேயே இருந்தும், அண்ணன் குடும்பத்தோடு ஒரே ஹாலில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தூங்கி எழ முடியாமல் வல்லக்கோட்டையில் ரூம் எடுத்தவன். வாடகையைப் பாதியாக்க ஆள் தேடினேன், நீ வந்தாய். வந்த அன்றே, "வீடு இருந்தும் அகதியா வந்தவன நான் இப்பத்தாம்ல பாக்கேன்" என்றாய். எனக்கு உன் பேச்சு பாதி புரியாது. உனக்கு என் ‘இன்னா’வும் ‘கீது’வும் சண்டைக்கு வருகிற மாதிரி கேட்கும். நான் கோபமில்லாமல் பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கும் போதெல்லாம் நீ, "ஏன்லே கத்துத" என்பாய். பல சமயம் நான் கத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

வல்லம் வடகாலில் ஒரே கம்பெனி. நீ தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், நான் மெயின்டனன்ஸில். உன் வேலை பார்க்கச் சுலபம். தகட்டை டை என்கிற அச்சில் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், முன்னால் இருக்கும் இரண்டு பச்சைப் பட்டன்களையும் இரண்டு உள்ளங்கையாலும் ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் பிரஸ் இறங்கும். ஒரு கைக்கும் மறு கைக்கும் அரை நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் இறங்காது. இரண்டு கையும் வெளியேதான் இருக்கிறது என்று மிஷின் தன்னளவில் நிச்சயப்படுத்திக்கொள்ளும் வழி அது. மிஷினுக்கு உன்னைத் தெரியாது. உன் இரண்டு உள்ளங்கைகளை மட்டும் தெரியும்.

அன்று காலை ஷிஃப்டில் உன் மிஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெயின்டனன்ஸைக் கூப்பிடும் விளக்கு. நான் டூல் பையோடு வந்தேன். வலது பட்டன் வேலை செய்யவில்லை என்றாய். நான் அமுக்கினேன், பிரஸ் இறங்கியது. நீ அமுக்கினாய், இறங்கவில்லை. மறுபடி நான், இறங்கியது. மறுபடி நீ, இறங்கவில்லை. விட்டு விட்டு வருகிற பழுதுதான் எங்களுக்குப் பிடிக்காத பழுது. பட்டனைக் கழற்றி உள்ளே இருக்கும் கான்டாக்டை மாற்றினேன். ஒயரை இறுக்கினேன். அப்புறமும் உனக்கு இறங்கவில்லை.

"சரியா அமுக்கு மச்சி. தூங்கிகினே அமுக்குனா எறங்காது."

"அமுக்கத்தாம்லே செய்யுதேன்."

மீட்டரை வைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் உன் கையைப் பார்த்தேன். இடது உள்ளங்கை பட்டனில் வந்து உட்கார்ந்துவிட்டது. வலது இன்னும் வழியில் இருந்தது. வந்து, ஓரத்தில் பட்டு, வழுக்கி இறங்கியது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. நீ ஏதோ சொன்னாய், சொல் குழைந்து வந்தது. வேறு எந்த வேலை பார்க்கிறவனும் கை வரவில்லை என்றால் கையைப் பார்ப்பான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பட்டனைக் கழற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எப்போது ஆரம்பித்தது என்று. லைன் நின்ற நேரம் ஷாப்பில் போர்டில் ஓடும் அல்லவா, வரும்போது பார்த்திருந்தேன், சொன்னேன். நேரம் தெரிந்தது நல்லதாகப் போயிற்று, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடலாம் என்றார்கள். போட்டார்கள். இதில் யாரையும் பாராட்ட ஒன்றும் இல்லை. பட்டனை மாற்றியது முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்துக்காக லைனை நிறுத்தியது அதிர்ஷ்டம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, அங்கே உறைந்த ரத்தம்தான் மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு எப்படி என்று பார்க்க வந்த எல்லோரும் கேட்டார்கள். நான் எல்லோருக்கும் வால்வை விளக்கினேன். பாதிப் பேர் திருஷ்டி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாள் கைக்கு வந்தபோது நீ படுக்கையில் இருந்தாய். உன் அம்மா பக்கத்தில். தாளை என் மேல் போட்டு, "இது செத்த கையா, சோம்பேறிக் கையா? அத மட்டும் சொல்லு" என்றாய்.

எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் எரிச்சல் வரும். ரிலேயைத் திறக்கிற மாதிரி திறந்து பார்த்துவிட வேண்டும். போனில் தேடினேன். பரேசிஸ் என்பது பழைய கிரேக்க வார்த்தை. அனுப்பிவிடு, நழுவவிடு என்கிற வினையிலிருந்து வந்தது. விட்டுவிடுதல், தளர விடுதல் என்று அர்த்தம். ஹெமி என்றால் பாதி. உடம்பில் ஒரு பாதி பிடியை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அசைவு குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. சுத்தமாக அசையாமல் போனால் டாக்டர்கள் அதற்கு பிளேஜியா என்று வேறு வார்த்தை எழுதுவார்கள். அதுவும் கிரேக்கம்தான், அர்த்தம் அடி. ஓங்கி விழுகிற அடி. எல்லோர் வாயிலும் வருகிற பேரலிசிஸ் இருக்கிறதே, அதன் வேர் அவிழ்வது, கட்டுத் தளர்வது என்று போகிறது. ஆனால் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அது மொத்தமாகப் போய்விட்டது என்று ஆகிவிட்டது.

நம் ஆட்கள் வாதம் அடித்துவிட்டது என்கிறார்கள். வாதம் என்றால் காற்று. கிரேக்கனும் அடி என்றிருக்கிறான், நாமும் அடி என்கிறோம். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார்கள். நன்றாக நின்றுகொண்டிருந்தவன் விழுவதைப் பார்த்தால் எந்த ஊரிலும் யாரோ அடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கிரேக்கன் இன்னொன்றையும் பார்த்திருக்கிறான். அடிபடாமல், மெல்ல விட்டுப்போகிற கையை. அதற்குத் தனியாகப் பெயர் வைத்திருக்கிறான். நம் தெருவில் அசைகிற கைக்கும் அசையாத கைக்கும் ஒரே பக்கவாதம்தான்.

இவ்வளவையும் நான் படபடவென்று சொல்லி முடித்தேன். உன் அம்மா, "பாரிச வாயுன்னு எங்க ஊர்லயே சொல்லுவாங்களே" என்றார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பாரிசம்தான் பரேசிஸ் ஆயிற்று, நம்மிடமிருந்துதான் வெள்ளைக்காரன் எடுத்துப்போனான் என்று வாய் கோணலோடு வாதாடினாய். பாரிசம் என்றால் பக்கம், பரேசிஸ் என்றால் தளர்வு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல நீ சிரித்தாய். பாதி முகத்தில் மட்டும் வந்த சிரிப்பு. தாளில் கையின் பலம் ஐந்துக்கு மூன்று என்று போட்டிருந்தது. தூக்க முடியும், எதிர்த்துத் தள்ள முடியாது என்பதுதான் மூன்று. "அஞ்சுக்கு மூணுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்லா. டிப்ளமோவுல நீ எடுத்தியால?" என்றாய். நான் எடுத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கே திரும்புவேன் என்று நீ பிடிவாதமாகிவிட்டாய். காரணம் இல்லாமல் இல்லை. உன் டிரெய்னி காலம் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் அது. பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தவன் பிரஸ் ஓட்டத் தகுதி என்று காட்டினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் நீ ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் மாமாவின் தீப்பெட்டி ஆபீஸில் ஓரமாக உட்காரவைப்பார்கள், வருகிறவனெல்லாம் பரிதாபமாகப் பார்ப்பான் என்று நினைத்தே உனக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் உன் கேஸை பேரலிசிஸ் என்று எழுதிவைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் போனில், "பேரலிசிஸ்னா எப்டிபா மிஷின்ல நிக்க வுடறது" என்று கேட்டார். கையை வைத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நீ சொன்னாய். சரி, உடம்பு தேறட்டும், வந்து காட்டு என்றார்.

அப்புறம் என்னிடம் வந்தாய். பிரஸ்ஸில் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் ரிலேயில் அந்த அரை நொடியை ஒரு நொடியாக்கிவிடு என்றாய். யாருக்கும் தெரியப்போவதில்லை, உனக்கு ஐந்து நிமிட வேலை என்றாய்.

நான் முடியாது என்றேன். நீ இரண்டாவது தடவை கேட்கும்போது கத்தினேன். நேரம் உனக்கு மட்டும் கூடுவதில்லை, அடுத்த ஷிஃப்டில் நிற்கிறவனுக்கும் சேர்த்துத்தான் கூடும். அவன் ஒரு பட்டனை முழங்கையால் அமுக்கிவிட்டு மறு கையால் தகட்டைச் சரிசெய்வான். அவன் விரல் போனால் நீ வந்து ஒட்டவைப்பாயா என்று கேட்டேன். நீ தட்டில் இருந்த இட்லியை இடது கையால் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். வலது கை தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிசியோதெரபி அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டது இதைத்தான். நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிட்டால் விட்ட கை வரவே வராது, நல்ல கையைக் கட்டிவையுங்கள் என்றார். நீ கேட்கவில்லை. லைனில் பழகிய வேகம் உனக்கு; எது சீக்கிரம் முடிக்குமோ அதை வைத்து முடிப்பாய்.

மிஷினை மாற்ற மாட்டேன் என்றவன் வேறு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா. ஸ்கிராப்பில் பழைய பிரஸ்ஸின் பட்டன் இரண்டு கிடந்தன. அதே மாதிரி ரிலே ஒன்றும் கிடைத்தது. அனுமதி வாங்கி கேட்டில் காட்டி எடுத்துவந்தேன். பிளைவுட்டில் பெட்டி அடித்து, பிரஸ்ஸில் இருக்கிற அதே இடைவெளியில் பட்டன்களைப் பொருத்தி, நடுவில் பிரஸ்ஸுக்குப் பதிலாக ஒரு பச்சை விளக்கு வைத்தேன். இரண்டு உள்ளங்கையும் அரை நொடிக்குள் வந்தால் விளக்கு எரியும். இல்லாவிட்டால் எரியாது. இரண்டு கையையும் முழுதாக எடுத்துவிட்டுத்தான் மறுபடி அமுக்க முடியும். நல்ல கை மட்டும் எவ்வளவு வேகமாக வந்தாலும் பிரயோஜனம் இல்லை. பிசியோதெரபி அம்மா ஒரு நாள் வந்து பார்த்து, அமுக்கியும் பார்த்து, "இதுக்கு நீ காசே வாங்கலாம்பா" என்றார்.

முதல் வாரம் விளக்கு எரியவே இல்லை. நான் எதிரில் நின்றுகொண்டு, தோளைத் தூக்காதே, முழங்கையிலிருந்து கொண்டுவா, இப்போது, இப்போது என்று விரட்டிக்கொண்டிருந்தேன். துணைக்கு நம் ரூமிலேயே தங்கியிருந்த உன் அம்மா சமையல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் என்னாலேயே தாங்க முடியவில்லை. இது பெட்டிதானே, பிரஸ் இல்லையே, இதிலாவது கொஞ்சம் டைம் கூட்டிவைக்கிறேன், எரிந்தால் உனக்கும் தெம்பு வரும் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நீ இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பட்டனுக்குக் கூட்டாதலே. உனக்குக் கூட்டு."

சொல்லிவிட்டு நீ மறுபடி பட்டன் பக்கம் திரும்பிக்கொண்டாய். விரட்டுவதை விட்டுவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் எரியவில்லை. எரிந்த அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். நீ போன் செய்யாமல், பச்சை விளக்கை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய். விளக்கு எரிந்த படமா, பெட்டியில் ஏதாவது பழுதா என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

கொஞ்ச நாளில் வேறு ஒன்று ஆரம்பித்தது. டீ டம்ளரை வலது கையில் கொடுத்தால் பிடித்தாய். பிடித்ததை விட முடியவில்லை. விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டன; ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். விட்டுப்போன கை இப்போது விடமாட்டேன் என்கிறது, உன் கிரேக்கன் ஏமாற்றிவிட்டான் என்றாய். ஏமாற்றவில்லை, முதலில் தளரும், அப்புறம் சிலருக்கு இறுகும், அவன் முதல் நாள் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருப்பான் என்றேன். பெயர் வைக்கிறவன் ஒரு மாதம் கூட இருந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டாய். அது நியாயமான கேள்வி.

நல்லவேளை, உள்ளங்கையால் அமுக்க விரல் தேவையில்லை. விளக்கு தொடர்ந்து எரிய ஆரம்பித்தது. நீ சூப்பர்வைசரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாய். கிருத்திகைக்கு உன்னைச் சந்தோஷமாகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தார் உன் அம்மா. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நான் பழுது பார்க்கிறவன். ஒரு தடவை ஓடினால் சரியாகிவிட்டது என்று நான் நம்புவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை நிறுத்தாமல் அமுக்கச் சொன்னேன். ஆரம்பத்தில் ஒழுங்காக எரிந்தது. போகப் போக வலது கை பின்தங்கியது. அப்புறம் எரியவே இல்லை. ஓய்வெடுத்தால் திரும்பவும் எரிந்தது. களைத்தால் விட்டுவிடுகிற கை. பிரஸ் இறங்காதது பிரச்சினை இல்லை, அது பாதுகாப்புதான். ஆனால் அதே கைதான் தகட்டையும் பிடிக்க வேண்டும். தகடு நழுவும், நழுவுகிற தகட்டைப் பிடிக்க நீ பாய்வாய். கூர் ஓரம். எனக்குத் தெரியும் உன்னை.

சொன்னேன். பிரஸ்ஸில் ஏறாதே, காட்டும்போது எரியும், ஷிஃப்ட் ஓட்டும்போது விடும் என்று நேராகச் சொன்னேன். இதமாகச் சொல்லியிருக்கலாம் என்று உன் அம்மா பிறகு சொன்னார். எப்படிச் சொன்னாலும் விஷயம் அதேதானே. நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய். "காட்டும்போது ஓடுனாப் போதும். நீ வாயத் தொறக்காம இரு" என்பதுதான் நீ கடைசியாகச் சொன்னது. நீ காட்டுகிற அன்று மெயின்டனன்ஸ் ஆளும் பக்கத்தில் நிற்க வேண்டும், அது நான்தான். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றும் உன்னிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகு ரூமில் இரண்டு பேரும் தண்ணீர் கேன் வந்ததா என்பதைக்கூட உன் அம்மா மூலமாகக் கேட்டுக்கொண்டோம்.

நீ காட்ட வந்த நாளில் சூப்பர்வைசர், நான், பக்கத்து மிஷின் ஆள் ஒருவர். தகட்டை வைத்தாய், கையை எடுத்தாய், அமுக்கினாய். இறங்கியது. மறுபடி வைத்தாய், இறங்கியது. வேகம் முன்பு மாதிரி இல்லை, ஆனால் பிரஸ் ஒவ்வொரு முறையும் இறங்கியது. சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஓடுதுபா. பேரலிசிஸ்னு எவன்பா சொன்னது. போதும், கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார். என்னைப் பார்த்து, இன்னாபா, ஓகேவா என்று கேட்கத் திரும்பினார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் நீ திறந்தாய். "சார், டீ பிரேக் வரைக்கும் ஓட்டிப் பாத்துக்கிடுதேன்" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு நான் கேட்டதில்லை. நான் சொல்லி வேலை போவதை விட உன் கையே சொல்லட்டும் என்று நினைத்தாயோ, அல்லது டீ பிரேக் வரைக்கும் தாங்கிவிடும் என்று நிஜமாகவே நம்பினாயோ. சூப்பர்வைசர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நீ ஓட்டினாய். உன் பின்கழுத்தில் வியர்வை இறங்கியது. டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால் பிரஸ் இறங்கவில்லை. மறுபடி அமுக்கினாய். இறங்கவில்லை. தகடு சாய்ந்தது. நீ அதைப் பிடிக்கப் பாயவில்லை. இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்து நின்றாய்.

சூப்பர்வைசர் என்னிடம் பட்டனைப் பார்க்கச் சொன்னார். நான் பையைத் திறக்கப் போனேன்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாய் நீ. "கைதான் விட்டுட்டு."

பக்கத்து மிஷின் மட்டும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தாளில் இப்போது என்னதான் எழுதுவது என்று சூப்பர்வைசர் கேட்டார். பிரஸ் முடியாது என்று எழுதுங்கள், ஆனால் பேரலிசிஸ் என்று எழுத வேண்டாம், பரேசிஸ் என்று எழுதுங்கள் என்றாய். அவருக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். அர்த்தம் கேட்டார். "போகல சார். கொஞ்ச நேரம் நிக்கும், அப்பறம் விடும். அதுக்குத் தக்கன வேல குடுங்க" என்றாய். நான் போனில் தேடிப் படபடவென்று சொன்னதை விட இது தெளிவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. மேலே பேசிப் பார்த்தார். செக்கிங் டேபிளில் உட்கார்ந்து கேஜ் வைத்து அளக்கிற வேலை கொடுத்தார்கள், அந்த வேலைக்கே நிரந்தரமும் ஆக்கினார்கள். வலது கையால் பாகத்தை அழுத்திப் பிடிப்பாய், இடது கையால் கேஜ் வைப்பாய். வலது கை விட்டால் நிறுத்தி, டேபிள் மேல் படுக்கவைத்து, திரும்ப எழும்வரை போர்டைப் படித்துக்கொண்டிருப்பாய். நல்ல பாகத்தை நீ கழித்துத் தள்ளிவிட்டாய் என்று பிரஸ் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை உனக்குப் பிடித்திருந்தது. ரூமில் பேச்சு திரும்ப ஆரம்பித்தது, மோட்டாரை யார் அணைக்கவில்லை என்பதிலிருந்து. உன் அம்மா ஊருக்குத் திரும்பினார். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா என்று தினமும் எனக்கு போன் செய்வார். போட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் ஊர்க் கோயில் கொடைக்கு லீவு போட்டுப் போனாய். அங்கே காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் விழுந்தாய். இந்த முறை விட்டுப்போகவில்லை. அடி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். உன் வலது கை விரல்கள் பிரிந்து, நேராக இருந்தன. இவ்வளவு நாள் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட விரல்கள். உன் மாமா என்னிடம், "பக்கவாதம்தான தம்பி, ஏற்கனவே வந்ததுதான" என்றார். இல்லை, அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் வாழ்க்கையில் விளக்காமல் விட்ட விஷயமாக இருக்கும்.

பெட்டியைக் கோணியில் சுற்றி லாஃப்டில் போட்டேன். ரூமை மாற்றவில்லை. உன் இடத்துக்குத் தேனிக்காரன் ஒருவன் வந்திருக்கிறான், நல்ல பையன், மோட்டாரை அணைப்பான்.

இன்று ஓனரம்மா கேட்டதற்கு, செத்துப்போகவில்லை என்று சொன்னேன். தாளில் அப்படி எழுதவில்லை, கை விட்டிருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறது. எவ்வளவு திரும்ப வரும் என்று நான் சொல்ல முடியாது, முழுசாகக்கூட வராமல் போகலாம், ஆனால் கேட்டுப் பார்க்காமல் விட்டால் கண்டிப்பாக வராது என்றேன். அவர் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி, பேரலிசிஸ்தானே அண்ணா என்றான். இல்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். பெட்டியை எடுத்துவர மேலே ஏறினேன்.

பட்டன்களைத் துடைத்தேன். தைல வாசனை போகவில்லை, நானும் ரொம்பத் தேய்க்கவில்லை. கீழே கொண்டுபோய் அவர் முன்னால் ஸ்டூலில் வைத்து பிளக்கைச் செருகி, இரண்டு கையாலும் நான் ஒரு தடவை அமுக்கிக் காட்டினேன். பச்சை எரிந்தது.

"இது அந்தத் தம்பிதுதானே" என்றார். எதுவும் தெரியாத மாதிரி இருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவர் அமுக்கினார். வலது கை பட்டென்று பட்டனில் உட்கார்ந்தது. இடது, மடியிலிருந்து எழுந்து, பாதி வழியில் நின்று, திரும்ப மடிக்கே போயிற்று. விளக்கு எரியவில்லை.

"கெட்டுப் போச்சாபா?"

"பட்டன் நல்லாத்தாம்மா கீது."

"சீக்கிரமா எரியறாப்ல ஏதாவது திருகி வுடேன்."

திருகுகிற இடம் பெட்டியின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப் பையில் இருந்தது. வாலாஜாபாத் போகலாம் என்றுதான் காலையில் படியிறங்கியவன், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை மடியிலிருந்து மறுபடி எழ ஆரம்பித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.